வாணலி வைக்காத தீபாவளி

அக்டோபர் 17, வியாழன்

ஆதிரையின் நீச்சல் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். நெதர்லாந்தின் இந்த ஐன்ட்ஹோவன் ஊரில் நான் சும்மா உட்காரும் ஒரே இடம் இதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் எட்டு வயது மகள் தண்ணீரைக் குடித்துக் குடித்து நீந்துகிறாள்.

தீபாவளிக்கு இன்னும் பதினான்கு நாள். நான் வேலை செய்யும் பூக்கிடங்கில் செவ்வந்திக் காலம் தொடங்கிவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் பக்கத்து நாடுகளில் எல்லோரும் கல்லறைக்குச் செவ்வந்தித் தொட்டி கொண்டுபோய் வைப்பார்களாம். அத்தனை தொட்டியும் எங்கள் கைவழியாகத்தான் போக வேண்டும். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்த கைதான் இது. காலை ஆறு மணிக்குக் குளிர் அறைக்குள் போனால் வெளியே வரும்போது விரல் எனதா அடுத்தவளுடையதா என்று தெரியாது.

இந்த முறை மாமா இருப்பதால் தீபாவளியை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று அவருடைய மகன், என் வீட்டுக்காரர் பாண்டியின் உத்தரவு. மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. அருப்புக்கோட்டை டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செப்டம்பரில் மூன்று மாத விசாவில் வந்தார். வந்த மறுநாளே எதிரிலிருக்கும் பஸ் ஸ்டாப்பைக் கண்டுபிடித்துவிட்டார். "ஒரு நிமிசம் பிந்தல தாயி. நாங்க இப்பிடி ஓட்டியிருந்தா சனம் பயந்திருக்கும்" என்றார்.

பட்டியல்: இட்லி, கறிக்குழம்பு, உளுந்த வடை, சுழியம், அதிரசம், முறுக்கு. எழுதும்போதே இடுப்பு வலிக்கிறது. ஆதிரை தன் பட்டுப்பாவாடையை இதுவரை ஐந்து முறை போட்டுக் கழற்றிவிட்டாள்.

அக்டோபர் 19, சனி

பத்து மணி இடைவேளையில் அவர் போன் செய்தார். "மதி, பெரியப்பா போயிட்டாரு." ராமையா பெரியப்பா. மாமாவின் ஒரே அண்ணன். ஊரில் விடியற்காலை நான்கு மணிக்குத் தூக்கத்திலேயே முடிந்துவிட்டதாம். அவருக்கு ஏழு மணிக்குத்தான் செய்தி வந்திருக்கிறது.

நான் கேட்ட முதல் கேள்வி, மாமாவிடம் சொல்லிவிட்டீர்களா என்பதுதான். "சொல்லல. சொல்லவும் வேணாம்" என்றார். மாமாவுக்கு இரண்டு வருடம் முன்பு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. அதிர்ச்சி கூடாது. இன்றே கிளம்பினாலும் முகம் பார்க்க முடியாது, சாயங்காலமே எடுத்துவிடுவார்கள். பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது, தீபாவளி முடியட்டும் என்றார். யாரும் அழைத்து உளறிவிடக் கூடாது என்று, சரி பண்ணித் தருகிறேன் எனச் சொல்லி மாமாவின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

எனக்கும் இப்படித்தான் செய்தார்கள். ஆதிரை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது என் அப்பா இறந்தார். இருபத்திரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். என் நல்லதுக்குத்தான் செய்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் குளியலறை குளமாகக் கிடக்கிறது. மாமா தலைக்கு ஊற்றியிருக்கிறார், அதுவும் பச்சைத் தண்ணீரில். போட்டிருந்த வேட்டி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் அலசிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார், தண்ணீர் சொட்டுகிறது. "வாஷிங் மெஷின் எதுக்கு மாமா இருக்கு, சளி பிடிச்சா என்ன பண்றது?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். "கசகசன்னு இருந்துச்சும்மா" என்றார். இந்தக் குளிரில் என்ன கசகசப்போ தெரியவில்லை. துடைத்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அக்டோபர் 20, ஞாயிறு

ஞாயிறு என்றால் அண்ணனும் தம்பியும் போனில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பேச்செல்லாம் எந்த டிரைவருக்குச் சர்க்கரை, யார் பேத்திக்குச் சடங்கு என்பதுதான். இன்றைக்கு என்ன செய்வது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் முந்திக்கொண்டார். "அப்பா, பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டிருச்சாம். பத்து நாளைக்குப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காராம்."

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரிப்பா. தொண்டைன்னா பேசாம இருக்கதுதான் நல்லது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு சுலபமாக முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

பத்து மணி நேரம் நின்றேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

நீச்சல் வகுப்பு. மாமா மேல் எனக்குக் கோபம், அதை இங்கேதான் எழுத முடியும்.

வந்த நாளிலிருந்து முகம் மழித்துப் பவுடர் போடாமல் மாடிப்படி இறங்காத மனிதர், ஐந்தாறு நாளாக நரைத் தாடியோடு அலைகிறார். பிளேடு தீர்ந்துவிட்டதா என்று கேட்டு வாங்கியும் வந்தேன், பிரிக்கவே இல்லை. காலையில் சாமி விளக்கு ஏற்றினால் அந்தப் பக்கமே வருவதில்லை, முழங்கால் வலியாம். நெற்றியில் திருநீறும் இல்லை. ஆனால் அந்த முழங்காலோடு பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் போக முடிகிறது. எட்டு மணிக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் வருகிறார். மழை பெய்தாலும் போகிறார். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? நான்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "வயசானா அப்பிடித்தான், விடு" என்கிறார். அவருக்கு இப்போது எதைச் சொன்னாலும் விடு. ஆபீஸிலிருந்து வந்ததும் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பிறகு முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டு மேலே வருகிறார்.

அக்டோபர் 26, சனி

அம்மா போன் செய்தாள். பெரியப்பா சேதி அவளுக்குத் தெரியும். "என்னடி பண்ணப்போற தீபாவளிக்கு?" என்றாள். பலகாரம் செய்யாவிட்டால் மாமாவுக்குச் சந்தேகம் வரும், செய்யத்தான் வேண்டும் என்றேன்.

"ஏன்டி, அந்த வீட்டு மருமகடி நீ. பங்காளி சாவு. பதினாறு கழியாம அடுப்புல வாணலியத் தூக்கி வைப்பியா?"

"நெதர்லாந்துல யாரும்மா பாக்கப் போறா?"

"நான் பாக்கல. நீ பாக்குறேல்ல" என்று வைத்துவிட்டாள்.

இந்த அம்மாவுக்கு மட்டும் எப்படித்தான் குத்தத் தெரிகிறதோ. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அதன்பிறகு அலமாரியிலிருந்த வாணலியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது. தாளிப்பதற்குக் குற்றமில்லை, சட்டி நிறைய எண்ணெய் காயவைத்துப் பொரிக்கத்தான் கூடாது. பொரிக்காத தீபாவளி எங்கே இருக்கிறது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கிடங்கில் என்னோடு வேலை செய்யும் ரெஜினா, நாகர்கோவில்காரி. இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் அடுப்பில், அவள் வாணலியில் பொரித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் நம் வீட்டில் சட்டி வைத்ததாக ஆகாது. எமனிடம் சொன்னால் அவனே சிரிப்பான். ஆனால் மனசு கொஞ்சம் லேசானது.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிற நாள். நேரக் காப்பாளருக்கு இது பெரிய விஷயமாக இருக்கும், ஒரு நாள் முழுக்கப் பேசுவார் என்று நினைத்தேன்.

"ஒரு மணி நேரம் சும்மா கிடைக்குது மாமா" என்றேன்.

"அத வச்சு என்னம்மா செய்ய" என்றார்.

அக்டோபர் 29, செவ்வாய்

வேலை முடிந்து நேராக ரெஜினா வீடு. மாவு, பூரணம் எல்லாம் டப்பாக்களில் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். அவளிடம் காரணத்தை மறைக்கவில்லை. "அதுக்கென்னட்டி, எனக்க அடுப்புக்கு ஒரு தீட்டும் கெடையாது" என்று எண்ணெயை ஊற்றினாள். சுழியம் இரண்டாவது ஈடு போடும்போது புகைமணி அலற ஆரம்பித்தது. அவள் நாற்காலியில் ஏறி முறத்தால் விசிற, நான் பூரணம் பிரியாமல் இருக்கச் சட்டியோடு போராட, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. பத்து நாளில் இன்றுதான் சிரித்தேன்.

அதிரசம் ஓரம் கொஞ்சம் கடினம். முறுக்கு பரவாயில்லை. வடை மட்டும் வியாழன் காலையில் சுட்டுக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள்.

கிளம்பும்போது, "மதி, உனக்க மாமனாரை பஸ் ஸ்டாப்புல பாத்தேன். உக்காந்து கண்ணத் தொடச்சிட்டிருந்தாரு. மேலுக்குச் சுகமில்லையா?" என்றாள்.

"குளிர்காத்துல எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வரத்தானே செய்யும்" என்றேன்.

வரும் வழியில் டப்பா கனத்தது. மூன்று இடத்தில் இறக்கி வைத்துத் தூக்கினேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பள்ளிக்கு இலையுதிர்கால விடுமுறை. அவரும் நானும் லீவு. ஆறு மணிக்கு ஆதிரை எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினாள். வீட்டில் மூத்தவர்தான் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மாமா கிண்ணத்தைத் தொடவில்லை. "தாத்தாவுக்குக் கை நடுங்குது சாமி. அம்மாவ வைக்கச் சொல்லு" என்றார். தன் தலைக்கும் வேண்டாம் என்றுவிட்டார், சளியாம். குழந்தை முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒரு துளி எண்ணெய், அதை அந்தப் பிள்ளை தலையில் வைத்தால் என்ன?

புதுச் சட்டையையும் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார், போடவில்லை. மத்தியானம் இலை போட்டேன். உறைய வைத்த இலை, நடுவில் கிழிந்து கிழிந்து வந்தது. கறிக்குழம்பு வேண்டாம், வயிறு சரியில்லை என்றார். இட்லியும் சட்னியும் சாப்பிட்டார். சுழியத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல எண்ணெ வாசமே வரலையே, எப்பம்மா சுட்ட?" என்றார்.

"மதியோட பிரெண்டு வீட்ல போட்டாப்பா. நம்ம அடுப்பு சின்னதுல்ல" என்று அவர் சொன்னார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் ரசம் எடுக்க எழுந்துவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு இருட்டிவிட்டது. அவரும் ஆதிரையும் கீழே முற்றத்தில் மத்தாப்புக் கொளுத்தப் போனார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நம்ம அடுப்புல சட்டி வைக்கலைல்ல தாயி?"

"இல்ல மாமா. சின்ன அடுப்பு, அதான்..."

"நல்லது பண்ண. பதினாறு கழியட்டும்."

குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரே வந்து மூடினார்.

"எப்பத் தெரியும் மாமா?"

"அவனுக்கு முந்தியே தெரியும். எங்க தெரு டீக்கடை சுப்பையா அஞ்சரைக்கே போன் பண்ணிட்டான். பாண்டி எந்திரிக்கட்டும், சொல்லுவோம்னு உக்காந்திருந்தேன். வந்தான். கண்ணு ரெண்டும் செவந்துகெடக்கு, ஆனா சிரிச்ச மொகமா, போனக் குடுங்கப்பா, சரி பண்ணித் தாரேங்கிறான். எனக்குத் தெரியக்கூடாதுன்னு நெனைக்கான்னு புரிஞ்சிருச்சு. இந்தப் பக்கம் பிள்ளை பாவாடைய மாட்டிக்கிட்டு சுத்திச் சுத்தி ஆடுது. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பச்சைத் தண்ணீர்க் குளியல். அலசிய வேட்டி. தாடி, திருநீறு, எண்ணெய். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் அவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

"நீங்க அழக்கூட இல்லையே மாமா."

"எங்கிட்டுப் போய் அழ? இந்த வீட்டுச் செவுரெல்லாம் அட்டை. தும்முனா அடுத்த ரூம்ல கேக்குது. அதான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். இந்த ஊர்க்காரவுக நல்லவுக. பக்கத்துல உக்காருவாக, ஒண்ணும் கேக்க மாட்டாக."

நான் இப்போதே அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று மாமா தலையை ஆட்டினார்.

"நீ சொல்லாத. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியவே வேணாம். அவன் வாயால அவன் சொல்லட்டும். நாளைக்கு நான் போனப்புறம், அப்பங்கிட்ட அண்ணன் சாவை மறைச்சோம்னு அவன் நெனைச்சுக்கிட்டுக் கெடக்கக் கூடாது. சொன்னோம்னு இருக்கணும்."

கீழே ஆதிரை கத்துகிற சத்தம் கேட்டது. தாத்தா, ஜன்னலுக்கு வாங்க, என் மத்தாப்பைப் பாருங்க என்றாள். மாமா ஜன்னலுக்குப் போய்க் கையை ஆட்டினார்.

நவம்பர் 1, வெள்ளி

"நாளான்னைக்குப் பதினாறு. மாமாட்ட எப்பச் சொல்றதா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லல. நல்லாத்தான இருக்காரு. டிசம்பர்ல ஊருக்குத்தான போறாரு, அங்க கதிரேசன் சொல்லிக்கட்டும்" என்றார். கதிரேசன் பெரியப்பா மகன். விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போகிற வழியில் சொல்லிவிடுவானாம்.

சொல்லிவிடுங்கள் என்றேன். என்ன அவசரம் என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூடாது, சொல்லாமலும் அவரை அசைக்க முடியவில்லை. மாமா கூடத்தில் உட்கார்ந்து ஆதிரைக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கும். இந்த வீட்டுச் சுவர்தான் அட்டையாயிற்றே.

நவம்பர் 2, சனி

கிடங்கில் கடைசி லாரி போய்விட்டது. செவ்வந்திக் காலம் முடிந்தது. காம்பு ஒடிந்த தொட்டிகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மஞ்சளில் ஒன்று எடுத்தேன்.

அவர் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். காரில் ஏறியதும் பெல்ட்டைப் போடாமல் பேச ஆரம்பித்தேன்.

"எங்கப்பா செத்ததை இருபத்திரண்டு நாள் கழிச்சுச் சொன்னீங்க."

"இப்ப எதுக்கு மதி அது? உன் வயித்துல பிள்ளை. டாக்டர்தான..."

"தப்புன்னு சொல்லல. நீங்க சொன்னப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. கருமாதி முடிஞ்சு, அம்மா அழுது முடிச்சு, ஊரே அழுது முடிச்சுருச்சு. நான் மட்டும் தனியா ஆரம்பிக்கணும். எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. எட்டு வருசமா நான் எங்கப்பாவுக்கு அழல. உங்களுக்குத் தெரியுமா அது?"

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. நாளைக்கும் விட்டா மாமாவும் தனியாத்தான் அழணும்" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பினார். வருத்தம் இல்லை என்று இதே நோட்டில் எழுதியிருந்தேன். அதை அடிக்காமல் விடுகிறேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பத்து மணி. மாமா சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினார். "அப்பா, கொஞ்சம் உக்காருங்க" என்றார் இவர். மாமா உட்கார்ந்தார். ஒரு தரம் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பெரியப்பா..." என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் வராமல் நின்றுவிட்டார்.

"என்னடா. அண்ணனுக்கு என்ன?"

"போயிட்டாருப்பா."

மாமா கேட்டார். பதினாறு நாளாக ஒவ்வொரு நிமிஷமும் தெரிந்த மனிதர், இப்போதுதான் காதில் விழுந்தவர் போலக் கேட்டார்.

"எப்படா?"

நடித்தார் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. மகன் வாயால் கேட்டபோதுதான் அது அவருக்கு உண்மையாகியிருக்க வேண்டும். இவர் தேதியைச் சொல்லி முடிப்பதற்குள், "அண்ணே" என்று ஒரு குரல் எடுத்தார். அந்த உடம்புக்குள் அவ்வளவு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. அட்டைச் சுவர், பக்கத்து வீடு எதையும் நினைக்கவில்லை. இவர் தரையில் உட்கார்ந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "என்ன மன்னிச்சிருங்கப்பா" என்று அழுதார். மாமா மகன் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு, "சொல்லிட்டல்ல. சொல்லிட்டல்ல சாமி" என்றார்.

ஆதிரை மிரண்டுபோய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "யாரும்மா செத்தா?" என்றாள். பெரிய தாத்தா என்றேன். அப்போது எனக்கும் வந்துவிட்டது. பெரியப்பாவுக்காக என்று எழுதினால் பொய். என் அப்பாவுக்காக அழுதேன். மாமா குரலோடு குரலாக அழுததால் யாரும் கவனிக்கவில்லை, ஆதிரையைத் தவிர.

பிறகு மாமா தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார். வெந்நீர்தான், நான் பிடித்து வைத்தேன். போனிலிருந்த பெரியப்பா படத்தைக் கண்ணாடி டம்ளர் மேல் சாய்த்து, பக்கத்தில் செவ்வந்தித் தொட்டியை வைத்து, சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறியோடு இலை போட்டோம். ஊருக்கு வீடியோவில் பேசினார்கள். கதிரேசனும் மாமாவும் அழுதார்கள். பெரியப்பா வீட்டு டீவி யாருக்கு என்று அதற்குள் சண்டை வந்துவிட்டதாம். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சாயங்காலம் இவர் என்னிடம், "தாங்கிக்கிட்டாரு மதி. நாமதான் பயந்துட்டோம். நல்லவேளை, தீபாவளியும் தெரியாம சந்தோசமா முடிஞ்சுது" என்றார்.

"ஆமா" என்றேன்.

நவம்பர் 4, திங்கள்

எனக்கு விடுமுறை. வாணலி வைத்தேன். உளுந்த வடை. எண்ணெய் காயும்போதே மாமா அடுக்களைக்கு வந்துவிட்டார். முகம் மழித்திருந்தார், பவுடர் கொஞ்சம் தூக்கல். நெற்றியில் திருநீறு. தீபாவளிக்கு எடுத்த சட்டை. முதல் வடையைக் கையில் வாங்கி ஊதி ஊதித் தின்றார், உப்பு ஒரு கல் குறைவு என்றார்.

பிறகு செருப்பை மாட்டினார். எனக்குத் திக்கென்றது.

"எங்க மாமா?"

"ஸ்டாப்புக்குத்தான். சும்மா, பஸ்ஸு பாக்க."